கிளையும் இணைப்பும்: நிரல் பதிப்புக் கட்டுப்பாட்டு வரலாறு பற்றிய ஒரு மறுவாசிப்பு (1972–2015)

மென்பொருள் ஆக்கத்தில் ஈடுபடும் ஒருவர் ஒரே நாளில் மூன்று நான்கு கிளைகளில் மாறி மாறிப் பணிபுரிவது இன்று வியப்புக்குரியதன்று. வெளியான பதிப்பில் கண்ட பிழையைத் திருத்துவது ஒரு கிளையில். அடுத்த பதிப்புக்குரிய புதிய கூறு மற்றொரு கிளையில். உடன்பணியாளர் எழுதியதைச் சரிபார்ப்பது மூன்றாவதில். இவை ஒன்றையொன்று தீண்டாமல் வளர்ந்து, உரிய வேளையில் ஒன்றாகின்றன. இந்நடைமுறை எவ்வாறு உருவாயிற்று என்ற வினாவுக்குப் பரவலாகச் சொல்லப்படும் விடை ஒன்றுண்டு. 2005க்கு முன்பு கிளை பிரிப்பது செலவு மிக்கதாக இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’டை எழுதிய பின் அது எளிதாயிற்று என்பதே அவ்விடை.

இது முற்றிலும் பிழையன்று. ஆயினும் காரணத்தை இடம் மாற்றி வைக்கிறது. கிளை பிரிக்கும் வசதி 1970களிலேயே இருந்தது. மிகக் குறைந்த செலவில் பிரிக்கும் வசதி, கிட் தோன்றுவதற்கு ஓராண்டுக்கு முன்பே கட்டற்ற மென்பொருளாகக் கிடைத்தது. இருந்தும் நீண்டகாலக் கிளைகளை நிரலாளர்கள் அஞ்சினர். அவர்கள் அஞ்சியது பிரிப்பதையன்று, சேர்ப்பதை. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஒருமுறை சேர்த்ததை அமைப்பு நினைவில் வைத்துக்கொள்ளாததே அவர்தம் அச்சத்துக்குக் காரணம். அந்நினைவு எங்கே, எவ்வடிவில் பதிவாயிற்று என்பதையும், அது பதிவான பின்னும் எஞ்சிய ‘பணியிடம்’ பற்றிய சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஈண்டுப் ‘பதிவு’ என்பது ஒருவர் தம் மாற்றங்களை அமைப்பில் நிலைபெறச் செய்வதையும், அவ்வாறு நிலைபெற்ற வடிவத்தையும் குறிக்கும். ‘தண்டு’ என்பது முதன்மைக் கிளை. ‘இணைப்பு’ என்பது பிரிந்த இரு வரிசைகளை ஒன்றாக்குவது.

பூட்டும் எண்ணும்

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் ராக்கைண்ட் 1972இல் உருவாக்கிய எஸ்சிசிஎஸ் என்னும் அமைப்பிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது மரபு. முதலில் ஐபிஎம் பெருங்கணினிக்காக ஸ்னோபால் மொழியில் எழுதப்பட்ட அது, பின்னர் யூனிக்ஸுக்காக சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. 1975 டிசம்பரில் ஐஇஇஇ மென்பொருள் பொறியியல் ஆய்விதழில் ராக்கைண்ட் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். ஒரு கோப்பின் எல்லா வடிவங்களுக்கும் உரிய எல்லா வரிகளும் ஒரே கோப்பில் பின்னப்பட்டுக் கிடக்கும். எந்த வரி எந்த மாற்றத்தால் நுழைந்தது, எந்த மாற்றத்தால் நீங்கியது என்ற குறிகள் இடையிடையே நிற்கும். வேண்டிய வடிவத்தைப் பெற அக்கோப்பை ஒருமுறை படித்துச் சென்றால் போதும்.

எஸ்சிசிஎஸ்ஸில் தண்டுப் பதிவுக்கு 1.3 என்பது போல இரண்டு எண்கள். கிளைப் பதிவுக்கு 1.3.1.2 என்பது போல நான்கு எண்கள். இவ்வெண்முறையில் உள்ள ஒரு குறை கவனிக்கத்தக்கது. ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளை பிரிந்தால் அதற்கும் நான்கு எண்களே கிடைக்கும். 1.3.1.1 என்ற பதிவிலிருந்து பிரிவது 1.3.2.1 ஆகும். அது தண்டின் 1.3இலிருந்து நேரே பிரிந்ததா, கிளையிலிருந்து பிரிந்ததா என்பதைப் பெயரைக் கொண்டு அறிய இயலாது. உள்ளே உள்ள அட்டவணையில் தாய்ப்பதிவு குறிக்கப்பட்டிருந்தது. நிரலாளர் அன்றாடம் கண்டதும் சொன்னதும் பெயரைத்தான். வேறு கிளையின் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளவும், சேர்த்தவற்றின் பட்டியலை அதே அட்டவணையில் எழுதவும் எஸ்சிசிஎஸ்ஸில் இடமிருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. இணைப்பின் நினைவுக்கான வித்து முதல் அமைப்பிலேயே இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக இருந்தது. திட்டம் முழுமைக்குமான நினைவாக வளரவில்லை.

அக்காலத்துப் பணிமுறைக்கு அடிப்படை பூட்டு. ஒரு வடிவத்தைத் திருத்துவதற்காக ஒருவர் எடுத்தால், அவர் திருப்பித் தரும்வரை பிறர் அதனைத் திருத்த இயலாது. அப்பூட்டிலிருந்து தப்பும் வழியாகவே பலர் கிளையைக் கையாண்டனர்.

பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி உருவாக்கி, 1982இல் டோக்கியோவில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டில் விளக்கிய ஆர்சிஎஸ், சேமிக்கும் முறையைத் தலைகீழாக்கியது. தண்டின் அண்மைய வடிவம் முழுமையாக இருக்கும். பழையவை அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் வேறுபாடுகளாக இருக்கும். பெரும்பாலோர் வேண்டுவது அண்மைய வடிவமே என்பதால் இது சிக்கனமான தீர்வு. ஆனால் கிளைகள் முன்னோக்கிய வேறுபாடுகளாகவே வைக்கப்பட்டன. ஆகவே ஒரு கிளையின் நுனியைப் பெற, தண்டின் தலையிலிருந்து பிரிவிடம் வரை பின்னோக்கி வந்து, அங்கிருந்து மீண்டும் முன்னோக்கிச் செல்ல வேண்டும். தண்டு முதன்மையானது, கிளை இரண்டாந்தரமானது என்ற கருத்து சேமிப்பு வடிவத்திலேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம். இரு கிளைகளை இணைக்கும் கட்டளை ஆர்சிஎஸ்ஸில் இருந்தது. அதன் விளைவோ, ஒரே ஒரு தாய்ப்பதிவைக் கொண்ட சாதாரணப் பதிவாக மட்டுமே நின்றது. மற்றத் தாய் யார் என்று கோப்பு சொல்லாது.

மூன்றாம் படி

மற்றத் தாயை மறப்பதால் என்ன கேடு என்பதை உணர, மும்முனை இணைப்பு இயங்கும் முறையைச் சிறிது விரிவாகக் காண வேண்டும். இரு கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டு வேறுபாடு காணும் செயல்முறையை ஜேம்ஸ் ஹண்டும் டக்ளஸ் மெக்கில்ராயும் 1976இல் பெல் ஆய்வக அறிக்கையாக வெளியிட்டனர். மூன்று கோப்புகளை ஒப்பிடும் டிஃப்3 என்னும் கருவி 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது.

ஓர் அறிவிப்பின் முதல் வரி ‘கூட்டம் காலை பத்து மணிக்கு’ என்றும், இறுதி வரி ‘இடம்: நூலகம்’ என்றும் இருப்பதாகக் கொள்வோம். இருவர் ஆளுக்கொரு படி எடுத்துச் செல்கின்றனர். ஒருவர் பத்தைப் பதினொன்றாக்குகிறார்; மற்றவர் நூலகத்தை அரங்கமாக்குகிறார். இரு படிகளை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு வரிகளிலும் வேறுபாடு உண்டு என்பதே தெரியும். எது பழையது, எது புதியது என்று தெரியாது. மூலப்படியையும் உடன் வைத்தால் ஐயம் நீங்கும். ஒருவர் மட்டும் மாற்றிய வரியில் அவர் மாற்றத்தை ஏற்கலாம். இருவரும் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால் மட்டுமே மனிதர் தீர்ப்பு வேண்டும். ஆகவே இணைப்பின் தரம், எந்தப் படியை மூலமாகக் கொள்கிறோம் என்பதைச் சார்ந்தது.

சுவடிப் பதிப்பில் பயிற்சியுடையோர்க்கு இது பழகிய இடம். பாடபேதங்களை ஒப்பிட்டு, இன்று கிட்டாத மூலப்படியை ஊகித்து அறிவது மூலபாட ஆய்வின் வேலை. படியெடுத்தவர் தாம் எதைப் பார்த்து எழுதினார் என்று குறித்து வைப்பது அரிது; பிரதிகளின் குடிவழியைப் பொதுப்பிழைகளைக் கொண்டே நிறுவ வேண்டியிருக்கிறது. ஒருவரே இரண்டு ஏடுகளைப் பார்த்து எழுதிய கலப்புப் பிரதி அக்குடிவழியைக் குலைத்துவிடும் என்பதையும் பதிப்பாசிரியர்கள் அறிவர். நிரல் வரலாற்றில் இணைப்புப் பதிவு என்பது திட்டமிட்டு உண்டாக்கப்பட்ட கலப்புப் பிரதியே. பார்த்த இரண்டு ஏடுகளையும் அது குறித்து வைத்தால் குடிவழி குலையாது. குறித்து வைக்காவிடில் பதிப்பாசிரியரின் இடர்ப்பாடு அப்படியே நிரலாளருக்கும் வந்து சேரும்.

அது வந்து சேரும் வழி இது. ஒரு கிளை தை மாதத்தில் பிரிகிறது. பங்குனியில் அதுவரை செய்த மாற்றங்கள் தண்டில் இணைக்கப்படுகின்றன. கிளையில் பணி தொடர்கிறது. ஆனியில் மீண்டும் இணைக்க வேண்டும். இப்போது மூலமாகக் கொள்ள வேண்டியது பங்குனியில் கிளை இருந்த நிலையை. பங்குனி இணைப்பு பதிவாகவில்லையெனில் கருவி தை மாதப் பிரிவிடத்துக்கே திரும்பச் செல்லும். ஏற்கெனவே தண்டில் சேர்ந்துவிட்ட மாற்றங்களை மீண்டும் சேர்க்க முயலும். அவ்வரிகள் அதற்குள் தண்டில் மேலும் திருந்தியிருந்தால் ஒவ்வொன்றும் முரணாக எழும். மனிதர் ஒருமுறை தீர்த்ததை மீண்டும் தீர்க்க வேண்டும். கிளை எவ்வளவு நாள் வாழ்கிறதோ அவ்வளவுக்கு இத்துன்பம் பெருகும்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து

ஆம்ஸ்டர்டாம் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் டிக் குரூனெ தம் மாணவர் இருவருடன் ஒரு சி மொழிபெயர்ப்பியை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1984–85 காலத்தது அப்பணி. மூவரின் வேலை நேரங்களும் வெவ்வேறு. ஒருவர் பூட்டிய கோப்புக்காக மற்றவர் காத்திருப்பது இயலாத காரியம். அவர் ஆர்சிஎஸ்ஸின் மேல் கட்டிய கட்டளைத் தொகுப்பே 1986இல் பொதுவெளிக்கு வந்த சிவிஎஸ். பூட்டு நீங்கியது, யாவரும் ஒரே காலத்தில் திருத்தலாம், பின்னர் இணைக்கலாம் என்பது நெறியாயிற்று. 1989இல் பிரையன் பெர்லினர் அதனை சி மொழியில் புதிதாக வடிவமைத்தார். 1990 யூசெனிக்ஸ் மாநாட்டில் அவர் வழங்கிய கட்டுரையின் தலைப்பிலேயே மென்பொருள் ஆக்கத்தை இணைநிலைப்படுத்துதல் என்ற நோக்கம் வெளிப்பட்டது. பெர்லினர் பணிபுரிந்த நிறுவனம் வெளியிலிருந்து பெற்ற இயங்குதள நிரலைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டிருந்தது. வழங்குநர் புதிய பதிப்பை அனுப்பும்போதெல்லாம் சொந்த மாற்றங்களை அதனுடன் இணைக்க வேண்டும். சிவிஎஸ்ஸின் ‘வழங்குநர் கிளை’ இத்தேவையிலிருந்து பிறந்தது.

சிவிஎஸ்ஸில் ஒரு முரண்பாடு உண்டு. அதனை இவ்வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு எடுத்துக்காட்டுவதில்லை. ஒவ்வொருவரின் பணிக்கோப்புறையும் உண்மையில் பெயரிடாத ஒரு கிளை. அக்கோப்புறைக்குள் ஒரு சிறு பதிவேடு இருந்தது. ஒவ்வொரு கோப்பும் எந்த வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அது குறித்து வைத்தது. பிறர் மாற்றங்களை உள்வாங்கும்போதெல்லாம் அக்குறிப்பு புதுப்பிக்கப்பட்டது. ஆகவே நாள்தோறும் உள்வாங்கினாலும் எதுவும் இருமுறை சேராது. பெயரிடாத கிளைக்கு நினைவு இருந்தது. பெயரிட்ட கிளைக்கு இல்லை! பெயரிட்ட கிளையைப் பலமுறை இணைக்க விரும்புவோர், ஒவ்வோர் இணைப்புக்குப் பின்னும் கிளையின் நுனியில் ஓர் அடையாளச்சீட்டைத் தாமே இட்டு, அடுத்த முறை அச்சீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று சிவிஎஸ் கையேடு அறிவுறுத்தியது. அமைப்பு செய்ய வேண்டிய பணியைப் பயனர் ஒழுக்கத்தின் மேல் சுமத்திய ஏற்பாடு அது.

அவ்வொழுக்கம் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கு ஃப்ரீபிஎஸ்டி திட்டம் சான்று. வளர்ச்சிக்குரிய ‘கரன்ட்’ என்ற தண்டும், நிலைபெற்ற வெளியீட்டுக்குரிய ‘ஸ்டேபிள்’ என்ற கிளையும் அங்கு இணையாக நடந்தன. தண்டில் செய்த திருத்தத்தை நிலைக்கிளைக்குக் கொண்டு செல்வதற்கு ‘எம்எஃப்சி’ என்ற சுருக்கப்பெயர் வழங்கிற்று. ஒரு மாற்றத்தைத் தண்டில் பதியும்போதே, எத்தனை நாள் கழித்து அது நிலைக்கிளைக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பதிவுக் குறிப்பில் எழுதும் வழக்கமும் உண்டாயிற்று. இணைப்பின் நினைவு மனிதர் எழுதிய குறிப்பிலே குடியிருந்தது. எந்திரம் அதைப் படிக்காது. படிக்கும் மனிதர்களைக் கொண்டே அது இயங்கிற்று. திறமையான சமூகம் குறைபாடுள்ள கருவியை எவ்வாறு ஈடுசெய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இத்துறையில் இல்லை.

விலைகொடுத்து வாங்கும் அமைப்புகளில் நிலைமை வேறு. அட்ரியா நிறுவனம் 1992இல் வெளியிட்ட கிளியர்கேஸ், ஓர் இணைப்பு நிகழ்ந்தால் எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு நிகழ்ந்தது என்பதை அம்புக்குறியாகப் பதிந்து வைத்தது. 1995இல் வந்த பெர்ஃபோர்ஸும் அவ்வாறே ஒருங்கிணைப்புப் பதிவுகளைக் கொண்டிருந்தது. கிளை என்பதைக் கோப்பின் உள்ளெண்ணாக வைக்காமல், வேறு பெயருடைய தனிக்கோப்பாகவே கொள்ளலாம் என்று அதனை உருவாக்கிய கிறிஸ்டோபர் சைவால்ட் 1996இல் எழுதினார். ஆகவே இணைப்பின் நினைவைக் கண்டுபிடித்த பெருமையைக் கிட்டுக்குத் தருவது பொருந்தாது.

2004: மலிவான கிளை, மறதியுள்ள இணைப்பு

பொதுவழக்கிலுள்ள விளக்கத்தை மறுப்பதற்குச் சப்வெர்ஷனின் வரலாறு ஒன்றே போதும். சிவிஎஸ்ஸின் குறைகளைக் களையும் நோக்குடன் 2000இல் தொடங்கப்பட்ட சப்வெர்ஷனின் 1.0 பதிப்பு 2004 பிப்ரவரியில் வெளியாயிற்று. அதில் கிளை பிரிப்பது என்பது ஒரு கோப்புறையைக் களஞ்சியத்துக்குள் படியெடுப்பதே. அப்படி உண்மையில் உள்ளடக்கத்தை இரட்டிப்பதில்லை. பழைய மரத்தைச் சுட்டும் ஒரு குறிப்பு மட்டுமே எழுதப்படுகிறது. பத்துக் கோப்பாயினும் பத்தாயிரம் கோப்பாயினும் செலவு ஒன்றே. பிரிப்பதன் செலவே தடையாக இருந்திருந்தால் 2004இலேயே கிளைகள் பெருகியிருக்க வேண்டும்.

ஆனால் எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுவரை இணைத்தோம் என்பதைச் சப்வெர்ஷன் நினைவில் கொள்ளவில்லை. அவ்வெண்களைப் பதிவுக் குறிப்பில் எழுதி வைக்கும்படி அதன் கையேடு பயனர்க்குச் சொன்னது. அதாவது ஃப்ரீபிஎஸ்டி கைக்கொண்ட அதே வழி. 2008 ஜூனில் வந்த 1.5 பதிப்பில்தான் இணைப்புத் தடமறிதல் சேர்ந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் கிளை மலிவாக இருந்தது, அச்சம் குறையவில்லை.

2005 ஏப்ரல்

லினக்ஸ் கருநிரல் 2002 முதல் பிட்கீப்பர் என்ற அமைப்பில் பேணப்பட்டது. லாரி மெக்வாயின் பிட்மூவர் நிறுவனம் உருவாக்கிய அது தனியுரிமை மென்பொருள். கருநிரல் பணியாளர்க்குக் கட்டணமின்றி வழங்கப்பட்டது. எஸ்சிசிஎஸ்ஸின் பின்னல் வடிவத்தையே அது எடுத்தாண்டது என்பதும், முப்பதாண்டுப் பழமையுள்ள வித்து அங்கு மீண்டும் முளைத்தது என்பதும் குறிக்கத்தக்கன. பிட்கீப்பரில் கிளை என்றால் தனிக்களஞ்சியம். ஒவ்வொருவரும் முழுக் களஞ்சியத்தையும் படியெடுத்துக்கொண்டு பணிபுரிந்து, பின்னர் ஒருவர் மற்றவரிடமிருந்து இழுத்துக்கொள்வர். 2005இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதன் நெறிமுறையை ஆராய்ந்து தனிக்கருவி எழுத முற்பட்டதையொட்டிக் கட்டணமில்லா உரிமம் திரும்பப் பெறப்பட்டது. ஏப்ரல் 3 அன்று டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கினார். ஏப்ரல் 7 முதல் கிட்டின் சொந்த நிரலே கிட்டில் பேணப்பட்டது.

அம்முதற்பதிவு இன்றும் அதன் களஞ்சியத்தில் உள்ளது. அதில் இருப்பவை ஏழு சிறு நிரல்கள். கிளை உண்டாக்கும் கட்டளை இல்லை. கிளைக்குப் பெயரிடும் ஏற்பாடும் இல்லை. ஆனால் பதிவை உருவாக்கும் நிரலில் ஒரு மாறிலி காணப்படுகிறது: ஒரு பதிவுக்கு அதிகபட்சம் 16 தாய்ப்பதிவுகள் இருக்கலாம். எளிய கிளைக்குப் பெயர்பெற்ற கருவி பிறந்தபோது அதில் கிளை இல்லை, இணைப்பின் நினைவு இருந்தது. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

கிட்டின் கிளை அதன் பின்னரே வந்தது. வந்தபோது அது ஏறக்குறைய ஒன்றுமில்லாததாக இருந்தது. நாற்பது எழுத்துகள் கொண்ட பதிவடையாளமும் ஒரு வரிமுடிவும், ஆக 41 பைட்டுகள் உடைய சிறு கோப்பு. தண்டுக்கும் கிளைக்கும் சேமிப்பில் எவ்வேறுபாடும் இல்லை. வரலாறு முழுவதும் பதிவுகளுக்கு இடையிலான தாய்-சேய் உறவில் அடங்கிவிட்டதால், கிளை என்பது வெறும் பெயர்ச்சீட்டாக எஞ்ச முடிந்தது. கிளை மலிவானது இணைப்பு நினைவின் விளைவு, காரணமன்று. இவ்வகையில் கிட் தனித்துத் தோன்றியதுமன்று. 2003இல் வெளிவந்த மானட்டோன், பதிவுகளை அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த அடையாளத்தால் பெயரிட்டு, வலையமைப்பாக இணைத்து வைத்திருந்தது. கிட் தொடங்கிய அதே மாதத்தில் மாட் மேக்கால் மெர்குரியலை அறிவித்தார்.

பொதுமூதாதை ஒன்றே இருக்கும் என்ற எளிய கணக்கு எப்போதும் பொருந்துவதில்லை. இரு கிளைகளும் ஒன்றையொன்று குறுக்காக இணைத்துக்கொண்டால், சமநிலையுள்ள இரண்டு மூதாதைகள் கிடைக்கும். 2005இலேயே கிட்டில் சேர்ந்த மீள்சுழல் முறை, அவ்விரு மூதாதைகளை முதலில் தமக்குள் இணைத்து, எங்கும் இருந்திராத ஒரு கற்பனை மூலப்படியை உண்டாக்கி, அதனை மூன்றாம் படியாகக் கொள்கிறது.

இந்நினைவு வாய்த்த பின் எத்தகைய பணிமுறை இயலும் என்பதற்கு லினக்ஸ்-நெக்ஸ்ட் சான்றாகிறது. 2008 பிப்ரவரியில் ஸ்டீபன் ராத்வெல் தொடங்கிய இதில், கருநிரலின் வெவ்வேறு பகுதிகளைப் பேணுவோரின் கிளைகள் நாள்தோறும் புதிதாக ஒன்றிணைக்கப்படுகின்றன. அடுத்த வெளியீட்டில் யாருடைய பணி யாருடையதோடு மோதும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. அதே முரண் மறுநாளும் எழும் என்பதால், முன்னர்த் தீர்த்த விதத்தை நினைவில் வைத்து மீண்டும் பயன்படுத்தும் கருவி ஒன்றும் கிட்டில் உண்டு. இணைப்பை மட்டுமன்றி முரண்தீர்வையும் எந்திரம் நினைவில் கொள்ளத் தொடங்கியது. 2014 ஜனவரியில் கருநிரலுக்கு வந்த ஓர் இணைப்புப் பதிவு 66 தாய்ப்பதிவுகளைக் கொண்டிருந்தது. பலகால் கொண்ட இணைப்பை எண்காலி என்று அழைக்கும் வழக்கமுடைய டோர்வால்ட்ஸ், இதற்கு அப்பெயர் போதாது என்று கடிந்துகொண்டார்.

நினைவை விட்டுக்கொடுத்தல்

நினைவு கிடைத்த பின்பும் அதனை விரும்பியே கைவிடும் வழக்கங்கள் உள்ளன. ஒரு கிளையின் பல பதிவுகளை ஒரே பதிவாகப் பிசைந்து தண்டில் சேர்ப்பது இன்று பல அலுவலகங்களில் விதியாகவே இருக்கிறது. வரலாறு நேர்கோடாக, படிக்க எளிதாகத் தோன்றும். ஆனால் பிசைந்த பதிவுக்குத் தாய் ஒன்றே. அக்கிளையில் பணியைத் தொடர்ந்து மறுமுறை சேர்க்க முயல்வோர் மேலே கண்ட தை–பங்குனி–ஆனிச் சிக்கலையே சந்திப்பர். கருவி மாறியும் நோய் மாறவில்லை. கிளையைச் சேர்த்தவுடன் அழித்துவிடுக என்ற அறிவுரை பிசைதலுடன் சேர்த்தே சொல்லப்படுவதன் உட்காரணம் இதுவே. காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் கற்பிப்பதால் பலர் இடறுகின்றனர்.

தனிப்பதிவு ஒன்றை மட்டும் ஒரு கிளையிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைக்கும்போதும் தாயுறவு பதிவாவதில்லை. லினக்ஸின் நிலைபெற்ற கிளைகள் இன்றும் அவ்வாறே வளர்க்கப்படுகின்றன. மூலக்கிளையின் எப்பதிவிலிருந்து திருத்தம் எடுக்கப்பட்டது என்பது பதிவுக் குறிப்பில் ஒரு வரியாக எழுதப்படுகிறது. கிட் பிறந்த திட்டத்திலேயே, ஃப்ரீபிஎஸ்டியின் எம்எஃப்சி போன்ற மனிதக்குறிப்பு நினைவு நின்று நிலவுகிறது. இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. நிலைக்கிளைக்கு வேண்டுவது மூலக்கிளை முழுதுமன்று, தெரிந்தெடுத்த திருத்தங்களே; தாயுறவு என்பதோ முன்னோர் அனைவரையும் உடனழைத்து வரும் உறவு.

எழுத்தளவில் முரணின்றி இணைந்தவை பொருளளவில் முரண்படலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கிளையில் ஒரு செயற்கூற்றின் பெயர் மாறுகிறது. மற்றொரு கிளையில் பழைய பெயரால் அதனை அழைக்கும் புதிய வரி எழுதப்படுகிறது. இணைப்பு இடையூறின்றி முடியும், நிரல் இயங்காது. நீண்டகாலக் கிளைகளே வேண்டா, நாள்தோறும் தண்டில் சேர்த்துவிடுக என்போரின் வலுவான வாதம் இதுவே. அதற்கு மூதாதை நினைவில் விடை இல்லை.

பணியிடம்

கிளைகள் பெருகின, பணிக்கோப்புறை ஒன்றாகவே இருந்தது. கிட்டில் கிளை மாறுவது என்றால் அதே கோப்புறையிலுள்ள கோப்புகள் மாறுவது. பாதி முடிந்த பணி இடையில் நிற்கும்போது அவசரத் திருத்தம் வந்தால் என்ன செய்வது? 2007இல் சேர்ந்த ‘ஸ்டாஷ்’ என்ற கட்டளை, முடியாத மாற்றங்களை எடுத்து ஒதுக்கி வைத்துக் கோப்புறையைத் தூய்மையாக்கித் தந்தது. ஆனால் கோப்புகள் மாறினால் தொகுக்கப்பட்ட விளைவுகளும் பழையனவாகிவிடும். பெரிய திட்டத்தில் மீண்டும் தொகுக்க நெடுநேரம் ஆகும். ஒரு கிளையில் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றுக்கு மாறவும் இயலாது. களஞ்சியத்தையே இன்னொரு படி எடுப்பது சிலர் வழக்கம். அப்போது ஒரு படியில் செய்த பதிவு மற்றொன்றுக்குத் தெரியாது. இடையே அனுப்பிப் பெற வேண்டும்.

இதற்கும் முன்னோடி உண்டு. கிளியர்கேஸில் ‘காட்சி’ என்ற ஏற்பாடு, ஒரே களஞ்சியத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒருவருக்கே ஒரே நேரத்தில் வெவ்வேறு கோப்புறைகளாகக் காட்டிற்று. ஃபாசில் என்ற அமைப்பும் களஞ்சியத்தைத் தனியொரு கோப்பாக வைத்து, அதிலிருந்து எத்தனை பணியிடங்களையும் திறக்க விட்டது. கிட்டிலோ களஞ்சியம் பணிக்கோப்புறைக்குள்ளேயே பொதிந்திருந்ததால் இரண்டும் ஒன்றென்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. துணைக்கருவியாக வந்த ஒரு கட்டளைத்தொகுப்பு, களஞ்சியத்தின் உட்கோப்புகளுக்குக் குறுக்குச்சுட்டிகள் இட்டு இரண்டாம் பணியிடத்தை உண்டாக்கியது. ஆனால் ஒரு பணியிடம் இருப்பதை மற்றது அறியாது. இரண்டிலும் ஒரே கிளையைத் திறந்து ஒன்றில் பதிந்தால், மற்றதில் கிளையின் நுனி நகர்ந்திருக்கும், கோப்புகள் பழையனவாகவே நிற்கும். பிறர் செய்த பதிவைத் தாமே நீக்கியது போன்ற தோற்றம் எழும்.

2015 ஜூலையில் வெளியான கிட் 2.5 பதிப்பின் ‘வொர்க்ட்ரீ’ கட்டளை இவ்விடத்தைச் சீர்செய்தது. புதிய பணியிடத்தில் களஞ்சியம் இராது. அது இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒருவரிக் கோப்பு மட்டும் இருக்கும். மூலக்களஞ்சியமோ தன்னிடமிருந்து திறக்கப்பட்ட ஒவ்வொரு பணியிடத்துக்கும் தனிப்பதிவேடு வைத்திருக்கும். எந்தக் கிளை திறந்திருக்கிறது, அடுத்த பதிவுக்கென எவை எடுத்து வைக்கப்பட்டுள்ளன என்பவை அதில் அடங்கும். ஒரு பணியிடத்தில் திறந்துள்ள கிளையை மற்றொன்றில் திறக்க முயன்றால், வலிந்து கட்டளையிட்டாலன்றி மறுக்கப்படும். 1972இன் பூட்டு வேறுருவில் திரும்பியது எனலாம்; ஆனால் இப்பூட்டு ஒருவரை மற்றவரிடமிருந்து காப்பதன்று, ஒருவரை அவரிடமிருந்தே காப்பது.

எவை பொது, எவை தனி என்ற பங்கீடு இன்றும் பயனரை மயக்குகிறது. பதிவுகளும் கிளைப்பெயர்களும் எல்லாப் பணியிடங்களுக்கும் பொது. பிழை புகுந்த பதிவை இருபாதியாக்கித் தேடும் தேடலின் நிலை ஒவ்வொன்றுக்கும் தனி. ஸ்டாஷில் ஒதுக்கியவையோ பொது. ஒரு பணியிடத்தில் ஒதுக்கியதை மற்றொன்றில் எடுத்துவிடலாம், சில வேளைகளில் அறியாமலே. பதிவேட்டில் சேராத கோப்புகள், அதாவது உள்ளூர் அமைப்புக் கோப்புகளும் தருவித்த நிரலகங்களும், புதிய பணியிடத்துக்கு வருவதே இல்லை. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.